இதயத்துக்கு ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட்

2016 டிசம்பர் 4-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரை மேற்கு மாம்பலத்துக்கு எக்மோர் தெரியும், எக்மோ தெரியாது. அன்று ராத்திரி, முதலமைச்சர் ஜெயலலிதாவுக்கு இதயத்துடிப்பு முடங்கி, அப்பல்லோ ஆஸ்பத்திரியில் எக்மோ கருவி பொருத்தியிருக்கிறார்கள் என்று செய்தி வந்தது. மறுநாள் காலை ஆரிய கவுடா ரோடு டீக்கடையில் ஆளுக்கு ஆள் எக்மோ நிபுணர். "ஜெர்மன் மெஷின் சார். இதயமே இல்லேன்னாலும் ஓடும்" என்றார் ஒருவர். "செயற்கை மூச்சுதான் சார், கொஞ்சம் காஸ்ட்லி" என்றார் இன்னொருவர். மூன்றாமவர் மட்டும் பஸ் ஓடுமா என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். அன்று இரவு ஜெயலலிதா காலமானார்.

அப்புறம் 2020 ஆகஸ்ட். எஸ்.பி.பாலசுப்ரமணியம் கொரோனாவோடு எம்.ஜி.எம். ஹெல்த்கேரில் சேர்ந்தார். வென்டிலேட்டர், அடுத்து எக்மோ. அவர் மகன் அவ்வப்போது வீடியோவில் வந்து நிலைமையைச் சொல்ல, ஊரே காது கொடுத்துக் கேட்டது. வாரக்கணக்கில் நம்பிக்கை. செப்டம்பர் 25-ம் தேதி அதுவும் முடிந்தது.

எங்கள் எதிர் ஃபிளாட் மாமி அன்றைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டார்.

"எக்மோ வெச்சாச்சுன்னா அவ்வளவுதான்டாப்பா. வாயால சொல்ல முடியாம மெஷின்ல போட்டு வெக்கறா."

இரண்டே இரண்டு கேஸை வைத்து டிரெண்டு வரையக்கூடாது என்று பி.காம். ஸ்டாடிஸ்டிக்ஸ் வகுப்பிலேயே சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அதை மாமியிடம் சொன்னால் காபி வராது. அதனால் சும்மா இருந்தேன்.

இதயம், நுரையீரல் சம்பந்தப்பட்ட சந்தேகங்களுக்கு எனக்கு ஒரு ஆள் உண்டு. பள்ளிக்கூட நண்பன். பிளஸ் ஒன் சேரும்போது அவன் பயாலஜி குரூப், நான் காமர்ஸ் குரூப். நான் மூன்றே வருஷத்தில் பி.காம். முடித்து உத்தியோகம், எழுத்து என்று கிளம்பிவிட்டேன். அவன் எம்.பி.பி.எஸ்., எம்.எஸ்., எம்.சி.ஹெச். என்று பதினொன்றரை வருஷம் படித்தான். நடுவில் எனக்குக் கல்யாணம் ஆகி, பையன் எல்.கே.ஜி. சேர்ந்தான். அவன் அப்போதும் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தான். இப்போது இதய அறுவை நிபுணர். போஸ்டல் காலனியில் வீடு.

சரி, படித்து முடித்தாயிற்றே, இனிமேலாவது ஞாயிற்றுக்கிழமை தூங்குவானா? மாட்டான். காலை ஏழு மணிக்கு டை கட்டிக்கொண்டு கிளம்புவான். கேட்டால், "சி.எம்.இ. இருக்குடா" என்பான். கன்டின்யுயிங் மெடிக்கல் எஜுகேஷன். அதாவது, டாக்டர்களுக்கான தொடர்கல்வி.

எனக்குத் தெரிந்த சி.எம்.இ. என்பது ஓட்டலில் ஒரு ஏ.சி. ஹால், மேடையில் குத்துவிளக்கு, மத்தியானம் பஃபே, போகும்போது ஒரு ரெக்ஸின் பை. அவன் வீட்டில் அந்த மாதிரிப் பைகள் பதினாலு இருக்கின்றன. அவன் அம்மா காய்கறி வாங்கப் போவது அதில் ஒன்றை எடுத்துக்கொண்டுதான். 'இதயச் செயலிழப்பு மாநாடு' என்று அச்சடித்த பையிலிருந்து முருங்கைக்காய் எட்டிப் பார்க்கும்.

ஒருநாள் அவனிடம் கேட்டேன். "இந்த சி.எம்.இ.க்கு எல்லாம் கணக்கு உண்டா, இல்லை பஃபேயைப் பொறுத்தா?"

கணக்கு உண்டாம். இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த ஒழுங்குமுறை விதிகளில், ஒரு டாக்டர் ஐந்து வருஷத்துக்குக் குறைந்தது 30 மணி நேரம் தொடர்கல்வியில் கலந்துகொள்ளவேண்டும் என்று இருக்கிறது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏன் என்று சொல்கிறேன். மேற்கு மாம்பலத்தில் கல்லெறிந்தால் ஒரு ஆடிட்டர் மேல் படும். குறி தவறினால் அவருடைய ஆர்ட்டிகிள்ட் கிளார்க் மேல் படும். என் நண்பர்களில் பாதிப்பேர் சி.ஏ. அவர்களுக்கும் இதே மாதிரித் தொடர்கல்வி இருக்கிறது. பிராக்டீஸ் பண்ணுகிற ஆடிட்டருக்கு மூன்று வருஷத்தில் 120 மணி நேரம் என்று இன்ஸ்டிட்யூட் கணக்கு வைத்தது. அதாவது தேய்மானம் கணக்குப் போடுகிறவருக்கு வருஷத்துக்கு 40 மணி. நெஞ்சைத் திறக்கிறவருக்கு 6 மணி.

"நியாயமாடா இது?" என்றேன். "பாலன்ஸ் ஷீட்ல இடிச்சா ஒரு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் போட்டுச் சமாளிச்சுக்கலாம். இதயத்துக்கு சஸ்பென்ஸ் அக்கவுன்ட் கிடையாதே!"

அவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"இருக்கு. அதுக்குப் பேர்தான் எக்மோ."

பயாலஜி குரூப் ஆட்களுக்காக ஒரு வார்த்தை. டிரயல் பாலன்ஸில் பற்றும் வரவும் ஒத்துப்போகவில்லை, தப்பு எங்கே என்றும் தெரியவில்லை என்றால், அந்த வித்தியாசத்தைத் தற்காலிகமாக ஒரு தனிக் கணக்கில் போட்டுவிட்டு, சாவகாசமாகத் தப்பைத் தேடுவோம். அதுதான் சஸ்பென்ஸ் அக்கவுன்ட். தப்பு கிடைத்தவுடன் அந்தக் கணக்கை முடித்துவிடவேண்டும். அந்தக் கணக்கு எதையும் திருத்தாது; தேடுவதற்கு நேரம் தரும், அவ்வளவுதான். தேடாமல் அதையே வருஷாவருஷம் இழுத்துக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அவர்கள் ஆடிட்டில் மாட்டிக்கொள்வார்கள்.

இந்த மெஷினின் தாத்தாவைக் கண்டுபிடித்தவர் ஜான் கிப்பன் என்ற அமெரிக்க சர்ஜன். 1930-களின் தொடக்கத்தில் பாஸ்டனில் இளம் டாக்டராக இருந்தபோது, நுரையீரல் ரத்தக்குழாயில் கட்டி அடைத்துக்கொண்ட ஒரு பெண்மணியின் பக்கத்தில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். நரம்பெல்லாம் புடைத்து, ரத்தம் கறுத்து, அந்த அம்மாள் கண்ணெதிரே போனார். இந்தக் கறுத்த ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்ஸிஜன் ஏற்றித் திருப்பி உள்ளே விட முடிந்தால் பிழைத்திருப்பாரே என்று கிப்பனுக்குத் தோன்றியது. தோன்றியதைச் செய்ய இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மனைவி மேரியும் கூடவே உழைத்தார். பரிசோதனைக்குப் பூனை வேண்டும் என்று ராத்திரியில் சாக்குப் பையும் மீன் துண்டுமாக பாஸ்டன் தெருக்களில் கிப்பன் அலைந்தார். நம் தெருவில் அப்படி ஒருவர் அலைந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

மெஷினைச் செய்ய உதவியது யார் தெரியுமோ? ஐ.பி.எம். கம்பெனி. இன்டர்நேஷனல் பிசினஸ் மெஷின்ஸ். அதாவது எங்கள் கட்சி! கணக்கு மெஷின்காரர்கள்தான் முதல் இதய-நுரையீரல் மெஷினுக்கும் கை கொடுத்தார்கள் என்பதை பயாலஜி குரூப் மறந்துவிடக்கூடாது.

1953 மே 6-ம் தேதி, ஃபிலடெல்ஃபியா. இதயத்தின் மேலறைச் சுவரில் ஓட்டையோடு இருந்த 18 வயசுப் பெண்ணுக்கு, 26 நிமிஷம் இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலை முழுவதையும் மெஷின் செய்தது. ஓட்டையைத் தைத்தார் கிப்பன். பெண் பிழைத்தாள். ஆனால் கதை அங்கே முடியவில்லை. அதே ஜூலையில் இரண்டு குழந்தைகளுக்கு மெஷினைப் பயன்படுத்தினார். இரண்டும் இறந்துவிட்டன. அதற்குப் பிறகு அவர் அந்த மெஷினைத் தொடவில்லை. இருபது வருஷம் தவம் இருந்து வாங்கிய வரத்தை அவரே எடுத்து வைத்துவிட்டார். மற்றவர்கள் அதைத் திருத்தி, கை பழகி, ஊர் ஊராக எடுத்துப் போனார்கள். 1961-ல் வேலூர் சி.எம்.சி.யில் திறந்த இதய அறுவை நடந்தது. இந்தியாவின் முதல் இதய பைபாஸை 1975-ல் டாக்டர் கே.எம்.செரியன் செய்தது பெரம்பூர் ரயில்வே ஆஸ்பத்திரியில்.

ஆபரேஷன் தியேட்டர் மெஷின் சில மணி நேரத்துக்குத்தான் தாங்கும். நாள்கணக்கில் ஓடவேண்டும் என்றால் ரத்தமும் காற்றும் நேரடியாக உரசாமல் நடுவில் ஒரு மெல்லிய சவ்வு வேண்டும். அந்த வழியில் போனவர் ராபர்ட் பார்ட்லெட். 1975-ல் கலிஃபோர்னியாவில் பிறந்த உடனே மூச்சுத் திணறிய ஒரு பச்சைக் குழந்தையை அவருடைய குழு மூன்று நாள் மெஷினில் வைத்துக் காப்பாற்றியது. தாய் விட்டுவிட்டுப் போன குழந்தை அது. நர்சுகள் எஸ்பெரான்சா என்று பெயர் வைத்தார்கள். ஸ்பானிஷில் நம்பிக்கை என்று அர்த்தம்.

இன்றைய எக்மோவின் சூத்திரம் எளிமையானது. தொடை நரம்பில் தடிமனான ஒரு குழாய். கறுத்த ரத்தம் வெளியே வருகிறது. ஒரு பம்ப் அதைத் தள்ளுகிறது. தலைமயிர் மாதிரி உள்ளீடற்ற இழைகள் நிறைந்த ஒரு டப்பாவுக்குள் போய், ஆக்ஸிஜன் வாங்கிக்கொண்டு, கரியமில வாயுவைக் கொடுத்துவிட்டு, சிவப்பாகத் திரும்புகிறது. நரம்புக்கே திருப்பி அனுப்பினால் நுரையீரலுக்கு மட்டும் ஓய்வு. தமனிக்கு அனுப்பினால் இதயத்துக்கும் சேர்த்து ஓய்வு. நிமிஷத்துக்கு நாலைந்து லிட்டர். நம் உடம்பில் உள்ள மொத்த ரத்தமே சுமார் ஐந்து லிட்டர்தான். அரை லிட்டர் ஆவின் பாக்கெட் பத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பத்துப் பாக்கெட்டும் கிட்டத்தட்ட நிமிஷத்துக்கு ஒரு தரம் உடம்பை விட்டு வெளியே போய்விட்டு வருகின்றன. இதைக் கேட்டதிலிருந்து எனக்குப் பால் பாக்கெட்டைப் பார்த்தாலே மரியாதை.

"இவ்வளவுதானே? இதுக்கு எதுக்குடா வாராவாரம் வகுப்பு?" என்றேன்.

"வந்து பாரு. ஆள் ஒருத்தர் குறையறது. நடிக்கணும்."

நடிப்பு என்றதும் நான் சட்டையை இஸ்திரி பண்ணிக்கொண்டு போய்விட்டேன்.

நகரத்து ஆஸ்பத்திரி ஒன்றின் மேல்மாடி. இந்தத் தடவை குத்துவிளக்கு இல்லை. பஃபேயும் இல்லை, பொட்டலச் சாம்பார் சாதம். நடுவில் கட்டிலில் ஒரு பொம்மை நோயாளி. பக்கத்தில் நிஜ எக்மோ மெஷின். குழாய்களில் ரத்தத்துக்குப் பதில் சிவப்புச் சாயம் கலந்த தண்ணீர். சுற்றிலும் மதுரை, கோவை, திருநெல்வேலி என்று பல ஊர் சர்ஜன்கள். நரைத்த தலைகளும் உண்டு.

சொல்லிக்கொடுப்பவர் ஒரு வில்லன். யாரும் பார்க்காதபோது குழாயை மடக்கி வைப்பார். மெஷின் அலறும். எங்கே மடங்கியது என்று தேடவேண்டும். குழாய்க்குள் காற்றுக் குமிழி விடுவார். அது உடம்புக்குள் போவதற்குள் எந்த இடத்தில் கிளாம்ப் போடுவது என்பது நொடிக்கணக்கு விவகாரம். கடைசியில் பிளக்கையே பிடுங்கிவிட்டார். பேட்டரியும் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். மெஷினில் ஒரு கைப்பிடி இருக்கிறது. அந்தக் காலத்து மாவு கிரைண்டர் மாதிரி கையால் சுற்றவேண்டும். ஐம்பது வயசு டாக்டர் ஒருவர் வேர்க்க விறுவிறுக்கச் சுற்றினார். கோடிக்கணக்கான டாலர் விஞ்ஞானம் கடைசியில் ஒரு மனுஷனின் முழங்கைக்கு வந்து நிற்கிறது.

அப்புறம் ஒரு கேள்வி. நோயாளியின் ஆக்ஸிஜன் அளவை எந்தக் கையில் பார்ப்பது? எந்தக் கையில் பார்த்தால் என்ன என்று நான் நினைத்தேன். வலது கையில்தான் பார்க்கவேண்டுமாம். காரணம் இது. இதயத்துக்கும் சேர்த்து எக்மோ வைக்கும்போது நல்ல ரத்தம் தொடையிலிருந்து மேல்நோக்கி வருகிறது. இதயம் கொஞ்சம் தேறித் தானே துடிக்க ஆரம்பித்தால், கெட்டுப்போன நுரையீரலிலிருந்து வருகிற ரத்தத்தை மேலிருந்து தள்ளும். அந்த ஆக்ஸிஜன் குறைந்த ரத்தம் முதலில் போய்ச் சேருவது இதயத்துக்கும் மூளைக்கும் வலது கைக்கும். கால்விரலில் மாட்டிய மீட்டர் 'எல்லாம் பேஷ்' என்று காட்டும். மேலே மூளை மூச்சு முட்டிக்கொண்டிருக்கும். எதற்கெடுத்தாலும் 'வலது கையை நீட்டு' என்று நம் பாட்டிமார்கள் சொன்னது இதற்காக இல்லைதான். ஆனாலும் நான் பாட்டியை நினைத்துக்கொண்டேன்.

இன்னும் இருக்கிறது. பிளாஸ்டிக்கைத் தொட்ட ரத்தம் உறையப் பார்க்கும். உறையாமல் இருக்க மருந்து கொடுத்தால் வேறு எங்காவது கசியும். தொடைத் தமனியைக் குழாய் அடைத்துக்கொண்டால் கால் பட்டினி கிடக்கும். அதற்குத் தனியாக ஒரு சின்னக் குழாய். பலவீனமான இதயம், எதிரே வரும் மெஷின் ரத்தத்தைத் தள்ளித் திறக்க முடியாமல் வீங்கும். காப்பாற்ற வந்த மெஷின் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு புது வம்பைக் கொண்டுவரும். மாட்டிவிடுவது ஒரு மணி நேர வேலை. கட்டி மேய்ப்பதுதான் படிப்பு.

டீ இடைவேளையில் என் நண்பன் இன்னொரு சங்கதி சொன்னான். நமக்கு பிப்ரவரியில் பட்ஜெட் வந்தால் போன வருஷ வரிக் கணக்கு செல்லாது. வைத்தியத்துக்கும் அப்படித்தானாம். மாரடைப்பில் இதயம் துவண்டு போனால் மகாதமனிக்குள் பலூன் பம்ப் வைப்பது பல வருஷம் வேதவாக்காக இருந்தது. 2012-ல் ஜெர்மனியில் 600 நோயாளிகளை வைத்து ஆராய்ந்தார்கள். பலூன் வைத்ததால் சாவு குறையவில்லை. சரி, அதே நோயாளிகளுக்கு எக்மோவை வழக்கமாகவே சீக்கிரம் வைத்துவிடலாமே என்றார்கள். 2023-ல் அதற்கும் முடிவு வந்தது. 30 நாளில் இரண்டு பக்கமும் கிட்டத்தட்டப் பாதிப்பேர் இறந்திருந்தார்கள். 2024-ல் டென்மார்க் டாக்டர்கள் முன்னின்று நடத்திய ஆராய்ச்சியில், இதயத்துக்குள்ளேயே செருகுகிற சின்னஞ்சிறு பம்ப், பொறுக்கி எடுத்த நோயாளிகளிடம் ஆறு மாதச் சாவை 100-க்கு சுமார் 58-லிருந்து 46 ஆகக் குறைத்தது. ஆனால் ரத்தக்கசிவு மாதிரி வம்புகள் அதிகம். இது போதாதென்று, இதயம் தளர்ந்தவர்களுக்கு உள்ளே பொருத்துகிற ஒரு பிரபல பம்பை, அதைச் செய்த மெட்ரானிக் கம்பெனியே 2021 ஜூனில் விற்பனையிலிருந்து நிறுத்திவிட்டது. அதைப் பொருத்தக் கற்றுக்கொண்ட சர்ஜன்கள், ஏற்கெனவே பொருத்தியவர்களைப் பார்த்துக்கொள்வது எப்படி என்று புதிதாகப் படிக்கவேண்டியதாயிற்று.

"2010-ல பாஸ் பண்ணினவன் அதோட புஸ்தகத்தை மூடிட்டான்னா, இன்னிக்கு அவன் பண்றதுல பாதி நேத்தைய வைத்தியம்" என்றான். 30 மணி நேர விதியில் எனக்குள்ள சண்டையும் அதுதான். ஒருவர் நாற்காலியில் எத்தனை மணி உட்கார்ந்தார் என்று அது எண்ணுகிறது. கைப்பிடி சுற்றத் தெரியுமா, வலது கையைப் பார்த்தாரா என்பதை எண்ணுவதில்லை. தூங்கினாலும் 30 மணி, 30 மணிதான்.

மத்தியானம் என் டர்ன் வந்தது. வேஷம்: நோயாளியின் தம்பி. கதை: 42 வயசு அண்ணன், வைரஸ் காய்ச்சலில் இதயத் தசை வீங்கி, எக்மோவில் இருக்கிறார். மூன்றாவது நாள். ஒவ்வொரு சர்ஜனும் தனித்தனியாக வந்து என்னிடம் பேசவேண்டும். நான் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: "அண்ணன் பிழைச்சுடுவாரா டாக்டர்?"

முதலில் வந்தவர் நின்றுகொண்டே பேசினார். ஃப்ளோ, ஃப்ராக்‌ஷன், லாக்டேட் என்று ஐந்து நிமிஷம். நான் கேள்வியைக் கேட்டேன். "வீ ஆர் டூயிங் அவர் பெஸ்ட்" என்றார். எனக்குக் கஸ்டமர் கேருக்குப் போன் பண்ணின மாதிரி இருந்தது. இரண்டாமவர் சதவிகிதம் சொன்னார். என் அண்ணன் சதவிகிதத்தில் எந்தப் பக்கம் என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை.

மூன்றாவதாக வந்தவர் தென்மாவட்டத்துப் பெண் டாக்டர். நாற்காலியை இழுத்துப் போட்டு எனக்கு எதிரே உட்கார்ந்தார். "அண்ணன் என்ன வேலை பார்க்காங்க?" என்று கேட்டார். நான் எதிர்பார்க்கவில்லை. சட்டென்று, "கடை வெச்சிருக்கார்" என்றேன்.

"இந்த மெஷின் உங்க அண்ணனைக் குணப்படுத்தாது தம்பி. இதயம் தானா தேறுதான்னு பார்க்கிறதுக்கு நேரம் குடுக்கும். தேறினா மெஷினை எடுத்திருவோம். தேறலைன்னா, மாற்று இதயத்துக்கோ உள்ளே வைக்கிற பம்புக்கோ அவங்க உடம்பு தாங்குமான்னு பார்ப்போம். அது ரெண்டும் இல்லைன்னு தெரிஞ்சா, மெஷினை நிறுத்துறதைப் பத்திப் பேசணும். வெள்ளிக்கிழமை காலையில நாம திரும்ப இதே மாதிரி உக்காந்து பேசுவோம். அதுவரைக்கும் தினமும் நானே உங்ககிட்ட சொல்றேன்."

எனக்கு அண்ணனே கிடையாது. வீட்டில் நான்தான் மூத்தவன். இருந்தாலும் தொண்டை அடைத்துக்கொண்டது. அடுத்த வசனம் வரவில்லை. நான் பிரமாதமாக நடிக்கிறேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

சஸ்பென்ஸ் அக்கவுன்ட் தத்துவம் முழுவதும் அந்த அம்மாள் சொன்னதில் இருக்கிறது. கணக்கைத் திறக்கும்போதே, எப்படி முடிப்பது, எந்தத் தேதிக்குள் பார்ப்பது என்று தெரிந்திருக்கவேண்டும். முடிக்க வழியே இல்லாத கணக்கைத் திறந்தால் மெஷின் ஓடும், மீட்டரும் ஓடும். ஆரம்பிக்கவே லட்சங்கள். தினசரி பில் தனி. வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் தம்பி, கடையை விற்கலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பான். எந்தச் சர்ஜனுக்கும் கஷ்டமான பாடம், எங்கே குழாய் வைப்பது என்பதைவிட யாருக்கு வைக்காமல் இருப்பது என்பதுதான்.

மாமியின் டிரெண்டு தப்பு என்பதற்கும் ஆதாரம் இருக்கிறது. 1989-ல் தொடங்கிய எல்ஸோ என்ற சர்வதேச அமைப்பு உலகம் முழுக்க எக்மோ கணக்கு எழுதி வைக்கிறது. கொரோனாவுக்காக எக்மோ வைத்த 1035 பேரின் கணக்கை 2020 செப்டம்பரில், எஸ்.பி.பி. மறைந்த அதே மாதம், வெளியிட்டார்கள். 90 நாளில் ஆஸ்பத்திரியில் இறந்தவர்கள் 40 சதவிகிதத்துக்கும் குறைவு. இந்த மெஷினுக்கு அனுப்பப்படுகிறவர்கள் வேறு எதுவும் பலிக்காத கடைசிக் கட்டத்துக்காரர்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்கவேண்டும்.

எஸ்.பி.பி. இருந்த அதே சென்னை ஆஸ்பத்திரிக்கு அந்த அக்டோபரில் ராஞ்சியிலிருந்து விமானத்தில் ஒருவரைக் கொண்டுவந்தார்கள். ஜகர்நாத் மஹதோ. ஜார்க்கண்டின் கல்வி அமைச்சர். பத்தாம் வகுப்போடு நிறுத்தியவர் கல்வி அமைச்சரா என்று கேலி செய்தார்கள் என்பதற்காக, அந்த ஆகஸ்டில்தான், ஐம்பது வயசைத் தாண்டிய பிறகு, பதினோராம் வகுப்பில் சேர்ந்திருந்தார். அடுத்த மாதமே கொரோனா. நுரையீரல் போயிற்று. எக்மோ அவரைத் தாங்கிப் பிடித்தது. நவம்பரில் நுரையீரல் மாற்று அறுவை நடந்தது. 2021-ல் திரும்ப அமைச்சர் வேலையில் உட்கார்ந்தார். 2023 ஏப்ரலில்தான் காலமானார். எக்மோ அவர் நுரையீரலைச் சரிசெய்யவில்லை. வேறு நுரையீரல் வரும்வரை கணக்கைத் திறந்து வைத்திருந்தது. அந்த அவகாசம் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு வாழ்க்கையாயிற்று.

இன்னொரு எண்ணையும் சொல்லிவிடுகிறேன். எண் இல்லாமல் காமர்ஸ்காரனுக்குக் கட்டுரை முடியாது. 1989 முதல் 2013 வரை எல்ஸோ கணக்கை அலசியதில், வருஷத்துக்கு 30 பெரியவர்களுக்கு மேல் எக்மோ வைக்கிற ஆஸ்பத்திரிகளில், ஆறு பேருக்கும் குறைவாக வைக்கிற இடங்களைவிடச் சாவு குறைவாக இருந்தது. மெஷின் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். கைப் பழக்கம்தான் வேறு. கேஸ் குறைவாக வரும் ஊர்க்காரர்களுக்கு அந்தச் சிவப்புத் தண்ணீர் வகுப்பு எத்தனை முக்கியம் என்று இப்போது புரிகிறதல்லவா? நிஜ மனுஷன் மேல் கை பழகுவதற்குப் பதில் பொம்மை மேல் பழகிக்கொள்கிறார்கள். எந்த நேரத்தில் நோயாளியைப் பெரிய இடத்துக்கு அனுப்பவேண்டும் என்பதையும் அங்கேயே தெரிந்துகொள்கிறார்கள்.

உங்கள் வீட்டில் யாருக்கும் இந்த மெஷின் வேண்டாம். உங்கள் விரோதிக்கும் வேண்டாம். ஒருவேளை அந்தப் பெஞ்சில் உட்கார நேர்ந்தால், "பிழைச்சுடுவாரா?" என்ற கேள்வியோடு மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேளுங்கள். இது எதுவரைக்கும் தாங்க? சரியாகவில்லை என்றால் அடுத்தது என்ன? இங்கே வருஷத்துக்கு எத்தனை பேருக்கு வைக்கிறீர்கள்? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவார்.

என் நண்பனுக்கு அடுத்த வகுப்பு அடுத்த மாதம். இரண்டு நாள். தலைப்பு: 'எக்மோவை எப்போது நிறுத்துவது?' அவன் அம்மாவுக்கு ஒரே ஒரு சந்தேகம்தான். இந்தத் தடவையாவது ஜிப் வைத்த பை கொடுப்பார்களா?